ரசமட்டம் மேஸ்திரி வளர்த்த சுவர்

உலகத்தில் கோணல் என்று ஒன்று இருப்பதையே தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர், செஞ்சியில் எங்கள் தெருவில் இருக்கிற ரசமட்டம் மேஸ்திரிதான். ராஜகிரிக் கோட்டையைக் கட்டிய கொத்தனார்கள் இன்று உயிரோடு இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம். இருந்திருந்தால் இவர் தினமும் மலையேறிப் போய்ச் சண்டை போட்டிருப்பார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபடியே மலையை அண்ணாந்து பார்த்து, "அதோ அந்த மதிலு, வடக்கால ஒரு நூல் எறக்கம்" என்பார். நூல் என்பது கொத்தனார் கணக்கில் ஒரு நெல்மணித் தடிமன். மலைக்கும் டீக்கடைக்கும் நடுவில் பாதி ஊர் இருக்கிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், இவர் ரசமட்டம் வைப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். அது நடுவில் நின்றால் மட்டம், ஓரத்துக்கு ஓடினால் சாய்வு. அந்தச் சின்னக் கருவிதான். அதை எதன் மேல் வைப்பது என்கிற கூச்சமெல்லாம் அவருக்குக் கிடையாது. டீக்கடை பெஞ்சு, ஆஸ்பத்திரிக் கட்டில், ஓடாமல் நிற்கிற பஸ்ஸின் படிக்கட்டு, எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் மனைவி அஞ்சலையக்கா தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அந்த அடுப்பின் மேலும் ஒருநாள் வைத்தார்.

"அடுப்பு சாய்ஞ்சிருக்குது" என்றார்.

"அடுப்பு நல்லாத்தான் இருக்குது. கட்டிக்கினதுதான் சாய்ஞ்சி போச்சி" என்றார் அஞ்சலையக்கா, இட்லித் துணியைப் பிழிந்தபடி.

என் நாத்தனார் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டி, எல்லாரும் அட்சதையோடு எழுந்து நிற்கிற நேரத்தில், மணவறையில் கட்டியிருந்த வாழைமரம் ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது இவர் கண்ணில் பட்டுவிட்டது. நேரே மேடையேறிப் போய் அதை நிமிர்த்திக் கட்டினார். கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தில் மேஸ்திரியின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. "என் கல்யாணத்துக்கு சாட்சி அந்த முதுவுதான் அண்ணி" என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்வாள். புரட்டாசி சனிக்கிழமையில் எங்கள் வீட்டுக்காரர் நாமம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், மேஸ்திரி தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "எடது கோடு கொஞ்சம் எறங்கிப் போச்சி நைனா." அதற்குப் பயந்தே எங்கள் வீட்டுக்காரர் வேறு சந்து வழியாகப் போவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை செய்யாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "வாங்கண்ணே, ஒரு வாய் காப்பி சாப்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டால், வாசலில் நின்றபடியே வீட்டைச் சுற்றி ஒரு நோட்டம் விடுவார். எதுவும் கோணலாக இல்லையென்றால், "இருக்கட்டும் தங்கச்சி" என்று போய்விடுவார். கதவு இழுத்துக்கொண்டால், கொடிக்கம்பி தொங்கினால், அன்றைக்குத்தான் காப்பி. எங்கள் பூஜை அலமாரிக்கு மேலே இருக்கிற பெருமாள் படத்தின் ஆணி ஆடும். படம் அப்போதப்போது சாய்ந்துகொள்ளும். அதை நிமிர்த்திவிட்டு அவர் குடித்த காப்பிதான் எங்கள் வீட்டில் அவர் குடித்த முதல் காப்பி.

இப்படிப்பட்டவர் கட்டிய சுவர் விழுந்தால் எப்படி இருக்கும்?

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. மலையடிவாரத்திலிருந்து சரிந்து வந்து கோயில் முற்றத்தின் ஓரத்தில் முடிகிறது. மழை பெய்தால் மேட்டு மண் கரைந்து நேரே அம்மன் முற்றத்துக்கு வந்துவிடும். அதைத் தடுக்க மேஸ்திரி கூலி வாங்காமல் ஒரு சுவர் கட்டிக்கொடுத்தார். கண்ணாடி மாதிரிச் சுவர். குனிந்து தலை சீவிக்கொள்ளலாம். கார்த்திகை அடைமழையில் அது ஒரே துண்டாக, ஒரு செங்கல் உதிராமல், அப்படியே முற்றத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டது. அம்மன் புண்ணியத்தில் அந்த நேரம் அங்கே யாரும் இல்லை.

கோயிலில் கூட்டம் போட்டார்கள். தர்மகர்த்தா பஜாரில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். வயிற்று வலிக்குக்கூட ஒரு மூட்டை சிமெண்ட் போதும் என்று நம்புகிறவர்.

"மேஸ்திரி, ஒங்க கைவேலைய கொறை சொல்ல முடியாது. விழுந்ததுகூட எவ்ளோ மட்டமா விழுந்திருக்குது பாத்தீங்களா. மேல பாய விரிச்சிப் படுக்கலாம்" என்றார்.

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"செவுத்து மேல தப்பில்ல. பின்னாடி தேங்கற தண்ணி வெளிய போவ ஓட்டை விட்டிருக்கணும். ஓட்டை விட்டா மூஞ்சில அம்மைத் தழும்பு மாதிரி இருக்குமேன்னு நான்தான் அடைச்சேன். தப்பு என்னுது."

இவ்வளவு நேராக ஒருவர் பேசினால் கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியாது. தர்மகர்த்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வெளியூர் ஆளை வைத்து காங்கிரீட் சுவர் போட்டுவிடலாம் என்றார்.

"வேணாம். செடி வெக்கறேன்" என்றார் மேஸ்திரி.

"இன்னா செடி?"

"உண்ணிச்செடி."

இந்த முறை பூசாரியே சிரித்துவிட்டார். செஞ்சியில் உண்ணிச்செடி வைக்கிறேன் என்று சொல்வது கடற்கரையில் மணல் விற்கிறேன் என்று சொல்வதைப் போல. எங்கள் மலைகளில் பாறை இல்லாத இடமெல்லாம் அதுதான் முள்ளும் புதருமாக மண்டிக்கிடக்கிறது. விறகு பொறுக்கப் போன பெண்கள் அதில் புடவையைக் கிழித்துக்கொண்டு வருவார்கள்.

"அது வேற, இது வேற" என்றார் மேஸ்திரி. திண்டிவனம் பக்கம் ஒரு பங்களாவில் வேலை செய்தபோது பார்த்தாராம். அங்கே வாசலுக்கு இறங்குகிற சரிவு முழுக்க அழகுக்கு வைத்திருந்தார்களாம். "இதுக்கு முள்ளு கெடையாது. நிமுந்து நிக்காது. மொழங்கால் ஒசரந்தான். தரையோட தரையா படுத்துக்கினே போவும். ஊதாப் பூ. கொட்டற மழையில நின்னு பாத்தேன், ஒரு புடி மண்ணு எறங்கல."

யாரும் நம்புகிறதாகத் தெரியவில்லை. மேஸ்திரி தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து கரணையை எடுத்தார். சாந்து அள்ளிப் பூசுகிற அந்தக் கரணை அவருக்கு வலது கை. பிடியின் மரம் அவர் உள்ளங்கை வாகுக்குத் தேய்ந்திருக்கும். அதைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தார்.

"அடுத்த கார்த்திகை மழையில ஒரு கூடை மண்ணு இந்த முத்தத்துக்கு வந்தா, இது அம்மாவுக்கே. நான் இனிமே எந்த வீட்லயும் மேஸ்திரின்னு நிக்க மாட்டேன். வரலன்னா நானே வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் காங்கிரீட்டு பேச்சு வேணாம்."

சாமி முன்னால் வைத்துச் சொன்ன பிறகு தர்மகர்த்தாவால் என்ன செய்ய முடியும்? சரி என்றார். அஞ்சலையக்காவுக்கு விஷயம் போனபோது அவர் மாவு கரைத்துக்கொண்டிருந்தார். "சோறு போடற கரணைய கொண்டும்போய் சாமிகிட்ட குடுத்துட்டு வந்து நிக்கிறியே, இனிமே இன்னாத்த வெச்சி பூசுவ, என் தோசைத் திருப்பியா?" என்று கேட்டது பஜார் வரை கேட்டது.

பூசாரிக்கு ஒரு குணம். வெள்ளிக்கிழமை கருவறையைக் கழுவித் துடைத்தால், உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவார். கரணைக்கும் வைத்தார். கட்டுகிற வீடு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன ஒருத்தி சாமி கும்பிட வந்தாள். குங்குமம் வைத்த கரணையைப் பார்த்ததும் அவளுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. என் வீடு முடியணும் தாயே என்று வேண்டிக்கொண்டு, பிடியில் ஒரு மஞ்சள் கயிறு கட்டினாள். பொங்கலுக்குள் அவள் வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். வல்லத்திலிருந்து வந்தார்கள், அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். வீட்டு பிளானைச் சுருட்டிக் கொண்டுவந்து கரணை முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். மஞ்சள் கயிற்றில் கரணையின் பிடியே தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் மேஸ்திரி நின்றிருந்தார்.

"இன்னாண்ணே இங்க?"

"என் கரணைய பாக்க வந்தேன் தங்கச்சி. உள்ள விட மாட்டேங்கறாங்க. வரிசைல வாங்கறாங்க."

செடிக்கு வருகிறேன். திண்டிவனத்துப் பங்களா வாட்ச்மேனைக் கேட்டு ஒரு கட்டுக் குச்சிகள் ஒடித்து வந்தார் மேஸ்திரி. அஞ்சலையக்கா அடுப்புச் சாம்பல் வாருவதற்கு ஒரு தேய்ந்த குட்டிக் கரணை வைத்திருந்தார். மேஸ்திரி சின்ன வயதில் தொழில் பழகிய கரணை அது. அதை வாங்கிக் குழி தோண்டி மேடு முழுக்க நட்டார். அதுவரை சரி. அதன் பிறகு அவர் செய்ததை ஒரு கொத்தனார்தான் செய்ய முடியும்.

புதுத் தளத்துக்கு எப்படித் தண்ணீர் காட்டுவார்களோ, அப்படிக் காட்டினார். காலையில் தண்ணீர், மத்தியானம் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். வெயில் பட்டு வெடித்துவிடுமாம், அதனால் மேலே ஈரச் சாக்கு வேறு.

எனக்குத் துளசி வளர்த்த பழக்கம் உண்டு. மனது கேட்கவில்லை. "அண்ணே, தண்ணி அதிகமானா வேரு அழுகிடும்" என்றேன்.

"தங்கச்சி, தண்ணி பத்தாம வெடிச்ச செவுரு எவ்ளோ வேணா காட்றேன். தண்ணி அதிகமாகி கெட்டுப்போன செவுரு ஒண்ணே ஒண்ணு நீ காட்டு, பாப்போம்."

இட்லி கட்டிக்கொண்டிருந்த அஞ்சலையக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஏன், கோயிலுக்குப் பின்னாடி போய்ப் பாரேன்."

மேஸ்திரி போனார், தண்ணீர்க் குடத்தோடு. சாக்கை எடுக்கவில்லை. மறுவாரம் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது குச்சிகளெல்லாம் கறுத்துக் குழகுழவென்று அழுகியிருந்தன. அன்று முழுக்க அவர் தலையைச் சாய்த்து எதையும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் நாமம் போட்டுக்கொண்டு நேர்த்தெருவிலேயே போய்வந்தார். போய்விட்டு வந்து, "மேஸ்திரி ஒண்ணுமே சொல்லல. எனக்கென்னவோ மாதிரி இருக்குது" என்றார்.

மறுபடியும் திண்டிவனம் போனார். இந்த முறை வாட்ச்மேனிடம் சும்மா குச்சி மட்டும் வாங்காமல், செடிக்கு என்ன வேண்டும் என்று கேட்டும் வந்தார். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது, வேர் பிடிக்கிற வரை மண் காயாமல் கொஞ்சமாகத் தெளித்தால் போதும். இதையெல்லாம் ஒத்துக்கொண்டவர், நடுகிற வரிசையை மட்டும் யார் சொல்லியும் கேட்கவில்லை. செங்கல் அடுக்குகிற மாதிரியே நட்டார். கீழ் வரிசையில் இரண்டு செடிக்கு நடுவில் இருக்கிற சந்துக்கு நேரே மேல் வரிசைச் செடி. "சந்துக்கு மேல சந்து வந்தா செவுரு நிக்காது" என்றார். மேலே இருந்து வழிகிற தண்ணீர் எந்தச் சந்தில் நுழைந்தாலும் அடுத்த வரிசையில் ஒரு செடி மேல் முட்டும். வேடிக்கை பார்க்க வந்த தர்மகர்த்தாவே கொஞ்ச நேரம் கன்னத்தில் கை வைத்து நின்றார்.

சித்திரை வெயில். செஞ்சி வெயில் தெரியும்தானே, பாறை ராத்திரியிலும் சூடு விடும். அந்த வெயிலில் என் துளசியே வாடியது, இந்தச் செடி துளிர்த்தது. கொடி தரையில் படுத்துக்கொண்டே போய், மண் பட்ட கணுவிலெல்லாம் வேர் விட்டது. ஆடுகள் வந்து முகர்ந்துவிட்டுத் தும்மிக்கொண்டு போயின. "ஆடே தொடாததை வளக்கறாரு" என்று சிலர் கேலி செய்தார்கள். "காவலுக்கு ஆளு வேணாம் பாரு" என்றார் மேஸ்திரி. வைகாசியில் முதல் பூ. சின்னச் சின்ன ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாக. வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. அன்று அஞ்சலையக்கா ஒரு தட்டு இட்லியைக் கொண்டுபோய் மேட்டின் கீழே அவருக்குக் கொடுத்துவிட்டு, பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பரவால்ல" என்றார். அந்த வீட்டில் அது பெரிய பாராட்டு.

அதோடு விட்டாரா? ஆடி வந்தது. கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்கு முன்னால் செடியை ஒழுங்கு பண்ணுங்கள் என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். மேஸ்திரி கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மேட்டின் கீழே உயரமாக ஒரு குச்சி நட்டார். உச்சியில் குட்டையாக ஒன்று. இரண்டுக்கும் நடுவே நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிற வரை இழுத்தார். நூலுக்கு மேலே தெரிந்ததையெல்லாம் வெட்டினார்.

மேடு சரிவு. நூல் மட்டம். என்ன ஆகும்? உச்சியில் இருந்த செடிகள் அடியோடு மொட்டை. நடுவில் இருந்தவை அரைக்கிராப்பு. கீழே இருந்தவை நூலைத் தொடவே இல்லை, அப்படியே தழைந்து கிடந்தன. மொட்டையடிக்கப் போனவன் பாதியில் எழுந்து ஓடிவந்த தலை மாதிரி இருந்தது மேடு. மேஸ்திரி இரண்டடி பின்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இப்பத்தான் மட்டம்" என்றார்.

தர்மகர்த்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னும் மூணு நாலு மாசத்துல மழை. மண்ணு மொதல்ல எறங்கறதே உச்சிலருந்துதான். அங்க போய் மழிச்சி வெச்சிருக்கீங்களே மேஸ்திரி."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் அஞ்சலையக்கா என்னிடம் வந்தார். எப்போதும் வாய் ஓயாதவர், முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். "சாப்டவே மாட்டேங்குது. கரணை போச்சி அஞ்சல, போச்சின்னே பொலம்பிக்கினு கெடக்குது. நான்தான் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஏதாவது சொல்லிக்கினே இருக்கறேன். ஆனா அது மேஸ்திரி இல்லன்னா இன்னாத்துக்கு ஆவும், சொல்லு."

எனக்கு வழி தெரியாவிட்டால் நான் பெருமாளிடம் போவேன். சனிக்கிழமை இரண்டு பேரையும் சிங்கவரத்துக்கு அழைத்துப் போனேன். படியேறிப் போய், பாறையில் பள்ளிகொண்டிருக்கிற ரங்கநாதர் முன்னால் நின்றோம். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால், மேஸ்திரி தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பெருமாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை சட்டைப் பைக்குப் போகிறது. அஞ்சலையக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, மொகம் கொஞ்சம் திரும்பினாப்ல இருக்குதே" என்று மேஸ்திரி அர்ச்சகரிடமே கேட்டுவிட்டார்.

அர்ச்சகர் கோபித்துக்கொள்ளவில்லை. போருக்குப் போக உத்தரவு கேட்டு வந்த ராஜாவிடம், போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எங்கள் பக்கம் சொல்கிற கதையைச் சொன்னார். "அவர் காரணத்தோடதான் திரும்பியிருக்கார்" என்று தீர்த்தம் கொடுத்தார்.

மேஸ்திரி தீர்த்தத்தைத் தலையில் தடவிக்கொண்டார். படியிறங்கும்போது சொன்னார்: "படுத்திருக்கறவர நிமுத்தப் பாக்கறது என் தப்புதான்."

பெருமாளைச் சொன்னாரா, செடியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் நேரே மேட்டுக்குப் போய் அந்த நூலை அவிழ்த்தார். மேட்டின் சரிவுக்கு இணையாக, மேலிருந்து கீழே, முழங்கால் உயரத்தில் சாய்த்துக் கட்டினார். ரசமட்டம் அன்று சட்டைப் பையிலேயே இருந்தது. கட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பல் பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரி இருந்தார்.

ஆனால் அம்மன் செய்ததைப் பாருங்கள். உச்சியில் மொட்டையடித்த செடிகள் ஆவணியில் துளிர்த்தன. மேலே போக வழியில்லாததால் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் பக்கத்துக்குப் பக்கம் கிளை வெடித்து, தரையைப் பிடித்துக்கொண்டு ஓடி, போன இடமெல்லாம் வேர் விட்டது. ஐப்பசி பிறக்கும்போது மேட்டிலேயே அடர்த்தியான இடம் உச்சிதான். விரலை நுழைத்தால் மண் தட்டுப்படாது. மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அடிச்சி வெட்டனாத்தான் அடர்த்தி குடுக்கும். தெரிஞ்சிதான் வெட்டனேன்."

"தெரிஞ்ச மூஞ்சியத்தான் ஆடில பாத்தமே" என்றார் அஞ்சலையக்கா.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. ஒரு பகலும் ஓர் இரவும் வானம் ஓயவில்லை. கரண்ட் இல்லை. விடிந்தும் விடியாமலும் தெருவே குடையோடு கோயிலுக்குப் போனது. தர்மகர்த்தா கையில் ஒரு கூடை. ஒரு கூடை மண் என்றுதானே பேச்சு, அளந்துதான் பார்க்க வேண்டும் என்றார். மேஸ்திரி முற்றத்தின் ஓரத்தில் சட்டை நனைய நின்றிருந்தார். அஞ்சலையக்கா அவருக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்தார், ஆனால் அவர் குடைக்குள் நிற்கவில்லை.

மேட்டிலிருந்து தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. செங்காவியாக வரவேண்டிய தண்ணீர், டம்ளரில் பிடித்துக் குடிக்கலாம் போல வந்தது. தர்மகர்த்தா விளக்குமாற்றை வாங்கி முற்றத்தைத் தானே கூட்டினார். மூலை முடுக்கெல்லாம் கூட்டி அள்ளிப் போட்டார். கூடை நிறைந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே முழுக்க ஊதாப் பூ. அடியில் கொஞ்சம் இலை, ஒரு பிஸ்கட் கவர்.

தர்மகர்த்தா கூடையை அப்படியே மேஸ்திரி கையில் கொடுத்தார். "மேஸ்திரி" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் போலிருந்தது. மேஸ்திரி அழுதாரா, மழையா என்று தெரியவில்லை. சிமெண்ட் கடைக்காரர் ஒரு செடியின் முன்னால் தலை குனிந்து நின்றதைப் பார்க்க எங்கள் தெரு ஒன்றுக்குத்தான் கொடுத்துவைத்தது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். மழை விட்ட வெள்ளிக்கிழமை, மேஸ்திரி குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கரணையை வாங்கிக்கொள்ளக் கோயிலுக்கு வந்தார். வரிசையில் நின்ற பெண்கள் மறித்துக்கொண்டார்கள்.

"இன்னாய்யா, சாமிய எடுத்துக்கினு போறன்ற?"

"அது சாமி இல்லம்மா. என் கரணை."

"எங்க வீட்டுக்கு இன்னும் கூரை மட்டமே வரல. அதுக்குள்ள எடுத்துட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

பூசாரி நடுவில் மாட்டிக்கொண்டார். கடைசியில் அம்மனிடமே பூ கேட்டுவிடலாம் என்றார். அம்மன் தலையில் பூ வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். பூ வலது பக்கம் விழுந்தால் சம்மதம், இடது பக்கம் என்றால் இல்லை. எந்தப் பூ என்று பேச்சு வந்தபோது, காட்டுப் பூ என்று அதுவரை உண்ணிப்பூவைத் தொடாத பூசாரியே, மேஸ்திரி கொண்டுவந்த தட்டில் இருந்த ஊதாக் கொத்து ஒன்றை எடுத்து வைத்தார்.

உடுக்கை அடித்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பூ அசையவில்லை. மறுபடியும் கற்பூரம். பெண்கள் குலவையிட்டார்கள். பூ ஒட்டவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. காத்திருந்து காத்திருந்து குழந்தைகள் தூங்கிவிட்டன. மேஸ்திரி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி அம்மனைப் பார்த்தார். மெதுவாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அது விழாது பூசாரி."

"ஏன்?"

"பீடம் நான் கட்டனது."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் கோயிலே சிரித்தது. தலையில் பூ வைத்தால் எந்தப் பக்கமும் சாயாத அளவுக்கு அந்த மனிதர் அம்மனை மட்டமாக உட்காரவைத்திருக்கிறார். மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நீயே வெச்சிக்க தாயே. ஒனக்குப் புடிச்சிப் போச்சி" என்றார். திரும்பும்போது அஞ்சலையக்கா வாசலில் நின்றிருந்தார். கையில் அந்தத் தேய்ந்த குட்டிக் கரணை, சாம்பல் போகத் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து.

"இந்தா, புடி. சாம்பல் அள்ள நான் வேற பாத்துக்கறேன்."

இன்றைக்கு அந்தக் கரணையோடுதான் மேஸ்திரி வேலைக்குப் போகிறார். சுவர் கட்டினால் தண்ணீர் போக ஓட்டை விடுகிறார், அதையும் வரிசை தவறாமல். சரிவு இருக்கிற வீட்டுக்காரர்கள் வல்லத்திலிருந்தும் வந்து குச்சி வாங்கிப் போகிறார்கள். குச்சி சும்மா கொடுப்பார், புத்தி சொல்லிக் கொடுப்பார்: அளவாகத் தண்ணீர், நல்ல வெயில், பயப்படாமல் வெட்டு, மண் எப்படிச் சாய்கிறதோ அப்படியே விடு. கோட்டை பார்க்க வருகிறவர்கள் வழி தவறி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டால், ஊதா மேட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வழி சொல்லி அனுப்ப மனசே வருவதில்லை.

காப்பி விஷயத்தில் மட்டும் அவர் மாறவில்லை. வேலை இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார். அதனால் சனிக்கிழமை காலையில் விளக்கேற்றியதும், பெருமாளே மன்னித்துக்கொள் என்று சொல்லி, அந்தப் படத்தை நானே லேசாகச் சாய்த்துவைக்கிறேன். பெருமாளும் சாய்ந்தே பழகியவர்தானே. மேஸ்திரி வருகிறார், பார்க்கிறார், நிமிர்த்துகிறார். டம்ளரை வாங்கிக்கொண்டு, "அந்த ஆணிய மாத்தணும் தங்கச்சி" என்கிறார்.

வாரா வாரம் சொல்கிறார். இதுவரை மாற்றவில்லை.